சமாதானப் பலகை

கொஞ்சம் தள்ளி உக்காருங்க. இல்லை இல்லை, நீங்க தள்ள வேண்டாம், நானே தள்ளிக்கறேன். இருங்க. நீங்க யாருன்னு தெரிஞ்சாத்தானே நம்ம ரெண்டு பேர்ல யார் தள்ளணும்னு முடிவு பண்ண முடியும்? செருப்பைப் பார்த்தா வியாபாரி மாதிரி இருக்கு. கழுத்துல அணில் ரோமம் வச்சுத் தைச்சிருக்கீங்க. அதை யார் யார் போட்டுக்கலாம்னு இந்த இங்கிலாந்து தேசத்துல ராஜா சட்டமே போட்டிருக்கார், தெரியுமில்லையா? நான் ஒண்ணும் கேக்கலை. போட்டிருக்கீங்கன்னா போடற தகுதி இருக்கும். 'நீங்க'ன்னே பேசிடறேன். அப்புறம் நீங்க ஒண்ணும் பெரிய ஆளில்லைன்னு தெரிஞ்சா குறைச்சுக்கறேன். குறைச்சுப் பேசிட்டு அப்புறம் ஏத்தறதுதான் கஷ்டம். அதுல எனக்கு அனுபவம் உண்டு.

படகு இப்போதைக்கு வராது. இந்தப் பனிமூட்டம் கலையணும். வந்தாலும் குதிரையோட நிக்கறாரே அவர்தான் முதல்ல ஏறுவார். அப்புறம் அந்த ரெண்டு கன்னியாஸ்திரீங்க. அப்புறம் நீங்க. கடைசியா நான். யாரும் சொல்ல வேண்டியதில்லை, எனக்கே தெரியும். அதுதான் என் தொழில்.

நான் ஆல்டர்பி ஊர்க் கோயில்பிள்ளை. பேரு ஒஸ்பர்ட். இருபத்தாறு வருஷமா மணி அடிக்கறேன், மெழுகுதிரி ஏத்தறேன், சாமியாருக்கு உடுப்பு எடுத்து வைக்கறேன். இதெல்லாம் எந்த மடையனும் செய்வான். என் வேலைன்னு நான் சொல்றது பலகை. உங்க ஊர்க் கோயில்லயும் இருக்குமே, சமாதானப் பலகை? எங்களுது உள்ளங்கை ரெண்டு சேர்ந்த அகலம். கருவாலி மரம். ஆட்டுக்குட்டி செதுக்கியிருக்கும். பூசை நடுவுல சாமியார் அதை முத்தி செஞ்சு என் கையில குடுப்பார். நான் அதைக் கொண்டு வந்து ஊர் மொத்தத்துக்கும் நீட்டணும். ஒவ்வொருத்தரா உதட்டை வச்சு முத்தி செய்வாங்க. அன்னைக்கு ஆண்டவரோட சமாதானம் அவங்களுக்குக் கிடைச்சதுன்னு அர்த்தம். நன்மை, அதாவது மந்திரிச்ச அப்பம், வாங்கறது நமக்கெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவைதானே. அதனால வாராவாரம் சனங்களுக்கு இந்தப் பலகைதான். அது வராமப் போனா அந்த வாரம் முழுக்க வீட்டுல நிம்மதி இருக்காதுன்னு எங்க ஊர்ல சொல்லிக்குவாங்க.

முதல்ல யாருக்கு நீட்டறது, ரெண்டாவது யாருக்கு, மூணாவது யாருக்கு? அங்கேதான் இருக்கு விஷயம். அறுபத்தோரு பேர். எனக்குத் தலைகீழாத் தெரியும். சொந்த நிலக்காரங்க, குத்தகைக்காரங்க, கொல்லன், தச்சன், ஆலைக்காரன், பண்ணையடிமைங்க, கூலிக்காரங்க, வேலைக்காரப் பொண்ணுங்க. கடைசியில ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்துல, கதவோரமா, கோயில்பிள்ளையோட பொண்டாட்டி. அதாவது என் வீட்டுக்காரி சிசிலி. அறுபத்தொண்ணு அவதான். கோயில்பிள்ளை தன் ஆளைக் கடைசியில வச்சாத்தான் மத்தவங்க வாயைத் திறக்க மாட்டாங்க. இது எனக்கு முன்னால இருந்த கோயில்பிள்ளை சொல்லிக் குடுத்தது. நல்ல யோசனைதான்.

வரிசை மனுஷன் பண்ணினதுன்னு சில பேர் பேசறாங்க. நீங்க அந்த மாதிரி ஆள் இல்லையே? சம்மனசுகள்ல, அதான் தேவதூதருங்கள்லயே, ஒன்பது வரிசை இருக்குங்க. மோட்சத்துலயே அப்படின்னா ஆல்டர்பிக்கு என்ன? கல்லுக்கு மேல புல்லு, புல்லுக்கு மேல ஆடு, ஆட்டுக்கு மேல நாம, நமக்கு மேல பிரபு. எங்க பிரபு வேற ஜில்லாவுல இருக்கார். ஒன்பது வருஷமா வரலை. அதனால ஊர்ல முதல் முத்தி மோர்கோட் வீட்டுக்கு. கில்பர்ட் மோர்கோட், அவர் சம்சாரம் பெட்ரோனிலா அம்மா. ஏழு தலைமுறையா சுதந்திரக் குடும்பம். எவனுக்கும் அடிமையா உழுததில்லை. இப்போ கொஞ்சம் நொடிச்சுப் போயிட்டாங்க. மழை பெய்ஞ்சா வீட்டுக்குள்ள தொட்டி வைக்கறாங்கன்னு கேள்வி. ஆனா ரத்தம் ஒழுகிப் போயிடுமா?

போன செப்டம்பர் கடைசியில, மிக்கேல் சம்மனசு திருநாள்ல ஆரம்பிச்சுது வினை. பிரபு தன் பண்ணை மொத்தத்தையும், பண்ணை வீட்டையும் சேர்த்து, வால்ட்டருக்குக் குத்தகைக்கு விட்டுட்டார். வால்ட்டர் யாருன்னு நினைக்கறீங்க? அவன் தாத்தா பண்ணையடிமை. பிரபுவைக் கேக்காம சொந்தப் பொண்ணைக் கட்டிக் குடுக்க முடியாத ஆளு. கொள்ளைநோயில பாதி ஊர் போச்சே, அப்போ நிலமெல்லாம் உழ ஆளில்லாம கிடந்துது. இவங்க ஒவ்வொண்ணா எடுத்து உழுதாங்க. கெட்டிக்காரங்கதான், இல்லைன்னு சொல்லலை. வால்ட்டர் சுதந்திரப் பத்திரமும் வாங்கிட்டான். வாங்கிட்டார். பாருங்க, இன்னும் வாய் பழகலை.

அவர் சம்சாரம் மேபல். நாப்பத்தெட்டாவது இடம். ஆனா பூசை தொடங்கற வரைக்கும் பின்னால சிசிலிக்குப் பக்கத்துலதான் நிக்கும் அந்தப் பொண்ணு. குளிர்ல ஒரே போர்வையை ரெண்டு பேரும் தோள்ல போட்டுக்கிட்டு நிப்பாங்க. நான் பலகையை நீட்டும்போது, "வாம்மா மேபல், சீக்கிரம்"னு சொல்லுவேன். மிக்கேல் திருநாளுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை பார்த்தா மேபல் முன் வரிசையில நிக்குது. பெட்ரோனிலா அம்மாவுக்குப் பக்கத்துல. பச்சைக் கம்பளியில கவுன். பண்ணை வீட்டுல யார் இருக்காங்களோ அவங்களுக்குத்தான் முதல் முத்தின்னு சொல்லுது. சொல்றாங்க. அதுவும் ஒரு நியாயம்தானே? எப்பவும் பண்ணை வீட்டுக்குத்தான் முதல் முத்தி இருந்துது. பிரபு இல்லாததால மோர்கோட் வீட்டுக்கு வந்துது. இப்போ வீட்டுக்கு ஆள் வந்தாச்சு. ஆனா ஏழு தலைமுறை?

நான் பலகையைப் பிடிச்சுக்கிட்டு நடுவுல நின்னேன். ரெண்டு பேரும் என் கையையே பார்க்கறாங்க. கோயில் முழுக்கப் பார்க்குது. பழக்கத்துல பெட்ரோனிலா அம்மாவுக்கு நீட்டிட்டேன். மேபல் அம்மா முகம் சிவந்து போச்சு. பூசை முடிஞ்சு வால்ட்டர் வந்து என் தோள்ல கையை வச்சு, "ஒஸ்பர்ட், நீ இருக்கற வீடு பண்ணை நிலத்துல இருக்குன்னு ஞாபகம் இருக்குல்ல?"ன்னார். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார்.

அடுத்த வாரம் மேபல் அம்மாவுக்கு முதல்ல நீட்டினேன். அன்னைக்குச் சாயங்காலமே கில்பர்ட் ஐயா சாமியார்கிட்ட போயிட்டார். சாமியார் அவருக்குத் தூரத்துச் சொந்தம். சாமியார் என்னைக் கூப்பிட்டு, "வேலை செய்ய இஷ்டமில்லைன்னா சொல்லிடு, வேற ஆள் இருக்கான்"னு சொல்லிட்டார்.

என் நிலைமையைப் பாருங்க. வேலை சாமியார் கையில. வீடு வால்ட்டர் கையில. ரெண்டுல எது போனாலும் நான் தெருவுலதான். நான் ஒருத்தன்னா எங்கயாவது படுத்துக்குவேன். சிசிலிக்கு அப்போவே இருமல் தொடங்கிடுச்சு. கதவோரம் நிக்கறாளில்ல, காத்து நேரா அவ மேலதான். பனிக்காலம் வேற முன்னால இருக்கு. இருமறவளைக் கூட்டிக்கிட்டு நான் எங்கே போறது? அவளுக்காகத்தான் நான் அவ்வளவு கவனமா இருந்தேன். இதை நல்லா மனசுல வச்சுக்குங்க. எல்லாம் அவளுக்காகத்தான்.

அப்புறம் ஒரு யோசனை பண்ணினேன். இப்போ நினைச்சாலும் நல்ல யோசனைதான். பலகையை ரெண்டு பேருக்கும் நடுவுல, சம தூரத்துல, குறுக்காப் பிடிச்சுட்டேன். ஒரே நேரத்துல ரெண்டு பேரும் குனிஞ்சு ஆளுக்கு ஒரு ஓரத்துல முத்தி செய்யலாம். யாரும் முதல் இல்லை, யாரும் ரெண்டாவது இல்லை. செஞ்சாங்க. தலை ரெண்டும் லேசா இடிச்சுது, பரவாயில்லை. சிசிலி வீட்டுக்கு வந்து சிரிச்சா. எனக்கும் பெருமையாத்தான் இருந்துது. மறுநாள் பெட்ரோனிலா அம்மா வீட்டுலேர்ந்து ஆள் வந்துது. அம்மாவுக்கு ஆட்டுக்குட்டியோட வால் பக்கம் வந்துதாம். மேபலுக்குத் தலைப் பக்கமாம். ஏழு தலைமுறைக் குடும்பம் வாலை முத்தி செய்யணுமான்னு கேட்டு விட்டிருக்காங்க.

சரின்னு அடுத்த வாரம் பலகையைத் திருப்பிப் பிடிச்சேன். இப்போ வால் மேபல் அம்மாவுக்கு. அவங்க குனியவே இல்லை. நின்னது நின்னபடி நிக்கறாங்க. அவங்க குனியாம நான் எப்படி நகர்றது? பின்னால அம்பத்தொம்பது பேர் காத்துக்கிட்டு நிக்கறாங்க. சாமியார் பொறுமை இல்லாத மனுஷன். பீடத்துலேர்ந்து கையைத் தட்டினார். பலகை திரும்பிப் போனாத்தான் அவர் பூசையை முடிக்க முடியும். நான் பாதியில திரும்பி ஓடினேன்.

அன்னைக்கு சிசிலி வீட்டுக்கு வந்து, "இன்னைக்கு எனக்கு வரலையே"ன்னா. அடுத்த வாரம் வரும்னேன். சரின்னா.

அவளுக்கு அந்தப் பலகை மேல கொஞ்சம் அதிகமாவே பிரியம். சொல்றதுல என்ன, எங்களுக்கு மூணு புள்ளைங்க. பதினாலு வருஷத்துக்கு முந்தி கொள்ளைநோய் திரும்பி வந்துதே, அப்போ ஒரே வாரத்துல மூணும் போச்சு. ஊர்ப் புள்ளைங்க எல்லாத்தையும் ஒரே குழியில போட்டுட்டாங்க. இன்னைக்கு யார் எங்கே கிடக்குதுன்னுகூடத் தெரியாது. அதுலேர்ந்து சிசிலி பலகையில நாலு தடவை முத்தி செய்வா. தனக்கு ஒண்ணு, அதுங்களுக்கு ஒண்ணொண்ணு. நான் பல தடவை கண்டிச்சிருக்கேன். ஆளுக்கு ஒரு முத்திதான், வரிசையில நிக்காதவங்களுக்கு முத்தி கிடையாதுன்னு. அவ கடைசி ஆள்ங்கறதால யாரும் கவனிக்கலை. இல்லைன்னா என் பேரு கெட்டிருக்கும்.

எங்கே விட்டேன்? ஆங், மாத்தி மாத்தி. கடைசியில நானே ரெண்டு வீட்டுக்கும் நடந்து, கெஞ்சி, ஒரு ஏற்பாடு பண்ணினேன். ஒரு வாரம் அவங்க, ஒரு வாரம் இவங்க. மோர்கோட் வீட்டுல என்னை வாசல்லயே நிக்க வச்சுப் பேசினாங்க. பண்ணை வீட்டுல உள்ளே கூப்பிட்டு நிக்க வச்சுப் பேசினாங்க. ஒத்துக்கிட்டாங்க. அதுலயும் பாருங்க, கிறிஸ்து பிறப்புத் திருநாள் பெட்ரோனிலா அம்மா முறையில வந்துடுச்சு. உடனே மேபல் அம்மா, அப்படின்னா பிப்ரவரியில வர்ற மெழுகுதிரித் திருநாள் எனக்குன்னாங்க. எண்ணிப் பார்த்தேன். சரியா அவங்க முறைதான். அப்பாடான்னு இருந்துது.

ஆனா ஏற்பாடு நடந்த வாரங்கள்லயும் பலகை பின்னால போறது குறைஞ்சு போச்சு. ஏன்னா முன்னால ரெண்டு பேர் மெதுவா செய்வாங்க. ஒருத்தரைவிட ஒருத்தர் மெதுவா. கண்ணை மூடிக்கிட்டு, நெஞ்சுல கையை வச்சுக்கிட்டு. அதைப் பார்த்து மூணாவது ஆளும் மெதுவா. கொல்லன் சம்சாரம்கூட நெஞ்சுல கை வைக்க ஆரம்பிச்சுட்டா. சாமியார் கை தட்டறதுக்குள்ள முப்பது பேரைத் தாண்டினா பெரிசு. மிக்கேல் திருநாளுக்கும் மெழுகுதிரித் திருநாளுக்கும் நடுவுல பதினேழு ஞாயித்துக்கிழமை. தொட்டி வரைக்கும் நான் போனது மூணே தடவை.

சிசிலி ஒரு நாள் கஞ்சி ஊத்திக்கிட்டே சொன்னா, "ஒரு வாரம் பின்னாலேர்ந்து ஆரம்பிச்சா என்னங்க? முன்னால இருக்கறவங்க சண்டை போட்டு முடிக்கறதுக்குள்ள நாங்க எல்லாம் முத்தி செஞ்சுட்டு இருப்போமே." அவ சாதாரணமாத்தான் சொன்னா. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுது. இப்படித்தானே கலகம் ஆரம்பிக்குது? விவசாயிங்க எல்லாம் கோடாலியைத் தூக்கிக்கிட்டு லண்டனுக்குப் போனாங்களே, என்ன ஆச்சு? தூக்குல தொங்கினாங்க. நான் அவளை நல்லாத் திட்டிட்டேன். கோயில்பிள்ளை வீட்டுல இந்தப் பேச்சு பேசலாமான்னு கேட்டேன். அவ கஞ்சியை என் பக்கம் தள்ளி வச்சா. இருமல் வந்துடுச்சு அவளுக்கு.

ஜனவரியில ஒரு வாரம் சாமியாருக்குப் பல்வலி. கன்னம் இவ்வளவு வீங்கியிருந்துது. பூசையை அரைகுறையா முடிச்சுட்டுப் போயிட்டார். பலகை அன்னைக்கு வெளியவே வரலை. அது பெட்ரோனிலா அம்மாவோட வாரம். அந்த வாரம் முறை கழிஞ்சு போச்சா, இல்லை பாக்கி நிக்குதா? பாருங்க, எவ்வளவு சின்ன விஷயம். கழிஞ்சு போச்சுன்னா மெழுகுதிரித் திருநாள் மேபல் அம்மாவுக்கு. பாக்கின்னா பெட்ரோனிலா அம்மாவுக்கு. சாமியார்கிட்ட போய்க் கேட்டேன். கன்னத்துல துணியைக் கட்டிக்கிட்டு, "நீயே பார்த்துக்கோ"ன்னார். பெரியவங்க எல்லாம் அப்படித்தான். வரிசை அவங்களுது, அதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறது நாம.

மெழுகுதிரித் திருநாளுக்கு ஊரே வந்துது. இந்த வருஷம் அது ஞாயித்துக்கிழமையிலயே விழுந்துது. சிசிலிக்குக் காய்ச்சல். வராதேன்னு சொன்னேன். இன்னைக்குக் கண்டிப்பாப் பலகை கடைசி வரைக்கும் வரும்தானே, திருநாளாச்சேன்னு கேட்டா. வரும்னேன். மெழுகுதிரியைப் பிடிச்சுக்கிட்டு தொட்டியில சாய்ஞ்சு நின்னுக்கிட்டு இருந்தா.

நான் பலகையோட இறங்கினேன். என்ன முடிவு பண்ணியிருந்தேன்னா, மேபல் அம்மாதான். கழிஞ்சது கழிஞ்சதுதான்னு ராத்திரியெல்லாம் யோசிச்சு முடிவு பண்ணியிருந்தேன். அந்தப் பக்கம் திரும்பறேன், பெட்ரோனிலா அம்மா கை நீண்டு வந்து பலகையைப் பிடிச்சுது. கோயில் பலகையை யாரும் கையால தொடக் கூடாதுங்க, உதடு மட்டும்தான். அதைப் பார்த்ததும் மேபல் அம்மாவும் பிடிச்சுட்டாங்க. ரெண்டு பேரும் இழுக்கறாங்க. நடுவுல நான். "அம்மா, அம்மா"ன்னு சொல்றேன். யாரைச் சொல்றேன்னு எனக்கே தெரியலை. பழைய பலகைதானே. படக்குன்னு ரெண்டாப் போச்சு. பெட்ரோனிலா அம்மா தன் கையில வந்த துண்டால என் தலையில போட்டாங்க. வேணும்னு இல்லை, ஆத்திரம். இதோ இங்கே, தடவிப் பாருங்க. ரத்தம் வெள்ளை அங்கியில வழிஞ்சு, தரையில சொட்டிடுச்சு.

கோயிலுக்குள்ள ரத்தம் விழுந்தா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும். தீட்டு. சாமியார் பூசையை அப்படியே நிறுத்திட்டு எல்லாரையும் வெளிய அனுப்பிக் கதவைப் பூட்டிட்டார். பிஷப் வந்து மந்திரிச்சுத் தண்ணி தெளிக்கற வரைக்கும் பூசை கிடையாது, மணி கிடையாது, கல்லறைத் தோட்டத்துல அடக்கம்கூடக் கிடையாது. மெழுகுதிரியைக் கையில பிடிச்சுக்கிட்டு ஊர் சனம் வெளியில மழையில நிக்குது. துண்டு ரெண்டையும் நான் பொறுக்கி அங்கிக்குள்ள வச்சுக்கிட்டேன். மந்திரிச்ச பொருளைத் தரையில விடக் கூடாது.

அப்புறம் நடந்ததைக் கேளுங்க. இதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. ரெண்டு வீட்டுக்காரங்களும் பயந்து போயிட்டாங்க. கோயில் தீட்டுப் பட்டதுக்குப் பிஷப்போட விசாரணை மன்றம் யாரைப் பிடிக்கும்னு பயம். மூணாம் நாள் கில்பர்ட் ஐயா பண்ணை வீட்டுக்கு நடந்து போனார். உள்ளே உக்காந்து பேசினாங்க. அவர் பொண்ணை வால்ட்டர் பையனுக்குக் குடுக்கறதா நிச்சயம் ஆகிடுச்சு! அவங்களுக்குக் கூரை ஒழுகாது, இவங்களுக்கு ரத்தம் கிடைச்சுது. சம்பந்தி ஆயாச்சு. இப்போ ரெண்டு அம்மாவும் ஒரே குரல்ல சொல்றாங்க, தப்பு கோயில்பிள்ளை மேலதான்னு. அவன் பலகையைச் சரியா நீட்டலை, முறையை மாத்தி மாத்திக் குழப்பினான், வேண்டியவங்களுக்கு முன்னாடி குடுத்தான், நாங்க விழாமப் பிடிக்கத்தான் போனோம், அவனே தூண்ல மோதிக்கிட்டான். ஊர்ல அம்பது பேர் பார்த்தாங்க. ஒருத்தனும் வாயைத் திறக்கலை. நானாயிருந்தாலும் திறந்திருக்க மாட்டேன்.

நாளைக்கு அதுக்குத்தான் விசாரணை. ஆறு தாண்டி, இன்னும் அரை நாள் நடை. குற்றம் என்மேலதான்னு ஆச்சுன்னா வேலையும் போச்சு, வீடும் போச்சு. சட்டையில்லாம மெழுகுதிரியைப் பிடிச்சுக்கிட்டு கோயிலைச் சுத்தி வரச் சொல்லுவாங்க. அதுகூடப் பரவாயில்லை. முறை தவறினவன்னு பேரு வாங்கறதுதான் என்னால தாங்க முடியலை. இருபத்தாறு வருஷம். வேண்டியவங்களுக்கு முன்னாடி குடுத்தானாம்! எனக்கு யாருங்க வேண்டியவங்க?

இல்லை, சிசிலி இல்லை இப்போ. சொல்லலையா நான்? திருநாளுக்கு அஞ்சாம் நாள் போயிட்டா. எங்க ஊர்ல புதைக்க முடியலை, தோட்டமும் தீட்டுதானே. என் ரத்தம்தான், என்ன பண்றது. பக்கத்து ஊருக்கு வண்டியில கொண்டு போனோம். அந்த ஊர் சாமியார் நல்லவர், வடக்குச் சுவரோரமா இடம் குடுத்தார். முகம் தெரியாத சனங்களுக்கு நடுவுல கிடக்கா. குழந்தைங்க இங்கே, அவ அங்கே. மேபல் அம்மா வேலைக்காரிகிட்ட ஒரு கோதுமை ரொட்டி குடுத்து விட்டாங்க. வரலை. வர முடியாது, அவங்க இடம் அப்படி. நான் குறை சொல்லலை.

ஆனா என்கிட்ட ஒரு அத்தாட்சி இருக்கு. நாளைக்கு அதைத்தான் சொல்லப் போறேன். அதைக் கேட்டா நீதிபதியே எழுந்து நிப்பார். உங்ககிட்ட சொல்றேன், சரியா இருக்கான்னு கேட்டுச் சொல்லுங்க.

திருநாளுக்கு நாலாம் நாள். காலையில சாமியார் வந்து, சாகறவங்களுக்குப் பூசற எண்ணெயைப் பூசி, அவஸ்தை குடுத்துட்டுப் போயிட்டார். மத்தியானம் அவளுக்குக் கொஞ்சம் தெளிஞ்சுது. நான் பக்கத்துல முக்காலியில உக்காந்து பலகைத் துண்டு ரெண்டையும் பொருத்திப் பார்த்துக்கிட்டு இருந்தேன், பசை போட்டா நிக்குமான்னு. அவ பார்த்துக்கிட்டே இருந்தா. அப்புறம், "ஏங்க, அதை இப்படிக் கொஞ்சம் குடுங்க"ன்னா.

எதைன்னு கேட்டேன்.

"பலகையை. ஏதாவது ஒரு துண்டு போதும்."

எனக்குப் புரிஞ்சு போச்சு. நான் முடியாதுன்னேன். கோபமா இல்லைங்க, பொறுமையாத்தான் சொன்னேன். "சிசிலி, திருநாள் சமாதானம் இன்னும் ஊர்ல ஒருத்தருக்கும் போகலை. முதல் ஆளே இன்னும் முத்தி செய்யலை. அறுபது பேரைத் தாண்டி உனக்கு எப்படிக் குடுக்கறது?"

அவ மூச்சு வாங்கிக்கிட்டு, "இங்கே நம்ம ரெண்டு பேர்தானே இருக்கோம்"னா.

"அதனால?"ன்னேன்.

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தா. அப்புறம் சரின்னா. சுவர்ப் பக்கமாத் திரும்பிப் படுத்துக்கிட்டா. நான் துண்டு ரெண்டையும் துணியில சுத்தி மேல எடுத்து வச்சுட்டேன். விடிஞ்சப்போ அவ இல்லை.

அழலைங்க. பனி கண்ணுல படுது.

இதைவிட என்ன அத்தாட்சி வேணும்? முறை தவறறவன்னா அன்னைக்குத் தவறியிருக்கணும். நான் தவறலை. எனக்கு ஒரு கவலைதான். நான் சொல்லி முடிச்சதும் சாட்சி யாருன்னு கேப்பாங்க. வீட்டுல இருந்தது நாங்க ரெண்டு பேர்தான். நீங்க நாலு ஊர் பார்த்தவர், நீங்களே சொல்லுங்க. சாகக் கிடக்கற பொண்டாட்டி கேட்டு, உள்ளங்கை அகல மரத்துண்டை அவ உதட்டுல வைக்காத மனுஷன் ஒருத்தன் இருந்திருப்பான்னு, யாராவது நம்புவாங்களா?